வாத்துக் காந்தம்

கதவுக் கீல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தகடு வெட்டும் மூன்றாவது பிரஸ்ஸுக்கு மாமியார் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமான பெண்கள் யாரும் காரணம் கேட்டதும் இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் அசந்தால் கடித்துவிடும்.

அந்த மாமியாரை அடக்கி வைத்தவள் லைட்டக்கா. தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு பச்சை விளக்கை மாட்டிய நாளிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் லைட்டக்காதான்.

அந்த விளக்கின் சங்கதி இதுதான். பிரஸ்ஸின் தலையில் ஒரு தடித்த இரும்புத் தண்டு சுற்றுகிறது. பெடலை மிதித்தால் தண்டு ஒரு சுற்று சுற்றும். அதோடு அச்சு கீழே இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலே ஏறி நிற்கும். தண்டு சரியான இடத்தில்தான் நின்றதா என்பது கீழே உட்கார்ந்து தகடு வைக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் லைட்டக்கா தண்டின் முனையில் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தத்தைப் பதித்தாள். அதற்கு எதிரே, மெஷினின் உடம்பில், ஒரு சின்ன ஸ்விட்ச். உள்ளே கண்ணாடிக் குழாயில் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள். காந்தம் நேரே வந்தால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். அச்சு உச்சியில் நிற்கும்போது மட்டும்தான் காந்தம் ஸ்விட்சுக்கு நேரே வரும், விளக்கு எரியும். எரிந்தால் கையை உள்ளே விடலாம். நிற்க வேண்டிய தண்டு இடம் தாண்டி ஒரு விரற்கடை வழுக்கினாலும் விளக்கு அணைந்து, ஒரு கொண்டி விழுந்து தண்டைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் தண்டைக் கையால் திருப்பி இடத்துக்குக் கொண்டுவந்துதான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மாமியாரின் பிரேக் தேய்ந்திருந்தது. அதனால் தண்டு அடிக்கடி வழுக்கியது. அதனால் விளக்கு அடிக்கடி அணைந்தது. அதனால் வேலை அடிக்கடி நின்றது. இதில் குற்றவாளி பிரேக்தான் என்று புரிந்துகொள்ளப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை. ஆனால் அந்தக் கொட்டகையின் சூப்பர்வைசர் விளக்கைத்தான் கரித்துக்கொட்டினான். அந்த சூப்பர்வைசர் லைட்டக்காவின் கணவன்.

"பிரேக் லைனிங் மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் சாப்பிடும்போதும் சொல்வாள், பஸ்ஸிலும் சொல்வாள்.

"மாத்தணும்னா மெஷினை நிறுத்தணும். நிறுத்தினா மேனேஜர் என் தலையை உருட்டுவார். உன் லைட் கொஞ்சம் பொறுத்துப் போகாதா? வீட்டுலதான் ஒண்ணும் பொறுத்துப் போறதில்ல, மெஷின்லயுமா?" என்று அவன் சிரிப்பான். அவனுக்கு எதையும் சிரித்து மழுப்பிவிடும் கை உண்டு. ஊரில் அவனைக் கெட்டவன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காது. லைட்டக்காவின் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். தம்பி மாமியாரில்தான் உட்கார்ந்தான். "எங்க அக்கா மாட்டின லைட்டு. உலகமே பொய் சொன்னாலும் அது சொல்லாது" என்று பக்கத்துப் பிரஸ்காரர்கள் காது புளிக்கும்வரை சொல்வான்.

விபத்து நடந்தது சாப்பாட்டு இடைவேளை முடிந்து வேலை சூடு பிடித்த நேரத்தில். லைட்டக்கா அடுத்த கொட்டகையில் ஏணி மேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தாள். பிரஸ்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, முணுமுணுத்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்து இறங்கினாள். அவள் தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. வாசலுக்கு வந்தபோது அவள் கணவன் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். தம்பியின் வலது கையைச் சுற்றி யாருடைய சட்டையோ இருந்தது. சட்டையின் நிறம் என்ன என்று சொல்ல முடியவில்லை.

கை மணிக்கட்டோடு போய்விட்டது.

மறுநாள் காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். நாற்காலி காட்டவில்லை. "லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் சொல்றாங்க. லைட் எரியறப்பவே அச்சு இறங்கியிருக்கு. அப்ப உன் சென்சார் எதுக்கும்மா இருக்கு?" என்று கேட்டார். விளக்கு அணையாமல் போனதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அவள் மாட்டிய ஸ்விட்ச் கெட்டுப்போய் நாக்குகள் ஒட்டியபடியே நின்றிருக்க வேண்டும். அவள் கையால் வாங்கி, சோதித்து, திருகி மாட்டிய ஸ்விட்ச். தம்பியின் கையை நானே தின்றுவிட்டேனே என்று பாத்ரூமுக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு மாமியாரிடம் போனாள். மெயினை இறக்கிவிட்டு, தண்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். டெஸ்டரைப் பிடித்தாள். காந்தம் நேரே வந்தபோது டெஸ்டர் கத்தியது. விலகியபோது வாயை மூடிக்கொண்டது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் அப்படியே. ஸ்விட்ச் குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டது.

பிறகுதான் அதைப் பார்த்தாள். பிரஸ் கொட்டகையில் எந்தப் பொருள் மேலும் எண்ணெயும் இரும்புத் தூளும் கருப்பாகப் படிந்திருக்கும். ஸ்விட்சின் மூடி மேலும் படிந்திருந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அங்கே வட்டமாக, துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தது. வட்டத்தின் ஓரத்தில் இரும்புத் தூள் மீசை முளைத்தது போல் குத்திட்டு நின்றது. இரும்புத் தூள் தானாக அப்படி எழுந்து நிற்காது. அந்த இடத்தில் இன்னொரு காந்தம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஸ்விட்சின் மேலேயே ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால் தண்டு எங்கே போனால் அதற்கு என்ன? நாக்குகள் பிரியவே பிரியாது. விளக்கு அணையவே அணையாது. கொண்டி விழாது, வேலை நிற்காது. சோம்பேறி ஆபரேட்டர்கள் செய்யும் தில்லுமுல்லு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நொடியே தம்பி மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. கை போனவனே காந்தத்தை எடுத்து ஒளித்திருக்க முடியுமா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்விட்ச் மேல காந்தம் ஏதாவது வச்சியாடா?" என்று லைட்டக்கா கேட்டாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

அவன் திரும்பினான். "என்னக்கா பேசுற? நீ மாட்டினதை நான் கெடுப்பேனா? காலைல மெஷின் ரெண்டு மூணு தடவை நின்னுச்சு. சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தேன், நல்லா ஓடிச்சு. லைட் எரிஞ்சுது. நீ மாட்டினதுதானேன்னு நம்பி கைய விட்டேன்."

"அவரு கை போச்சு. நீங்க வந்து விசாரணை பண்றீங்களா அண்ணி?" என்று தம்பி மனைவி எழுந்தாள். "போயிட்டு அப்புறம் வாங்க."

லைட்டக்கா வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவள், கதவில் கை வைத்தபடியே நின்றுவிட்டாள்.

கதவில் மஞ்சள் வாத்து உட்கார்ந்திருந்தது. ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டி வைக்கும் காந்த பொம்மை. தம்பிதான் ஒரு கண்காட்சியில் ஜோடியாக வாங்கி, ஒன்றைத் தன் வீட்டிலும் இன்னொன்றை அக்கா வீட்டிலும் ஒட்டியவன். முந்தின நாள் காலையில் அதைக் காணோம். கேஸ் சீட்டு தரையில் கிடந்தது. வாத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்திருக்கும், ஒழிந்தபோது எடுக்கலாம் என்று விட்டிருந்தாள். இப்போது வாத்து கேஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் அதைப் பிடுங்கித் திருப்பினாள். யாரோ சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வாத்தின் முகம் பளிச்சென்று இருந்தது. ஆனால் காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூள் சோப்புக்கெல்லாம் போகாது. பின்னால், வட்டத்தின் ஓரம் முழுக்க, மீசை அப்படியே இருந்தது.

கணவன் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தான். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். அவள் வாத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி மாட்டினான். உட்கார்ந்தான்.

"ஒரு நாள்தான். ஆர்டர் போற வரைக்கும் மட்டும்னு நினைச்சேன்" என்றான்.

"நீங்க மனுஷன்தானா?" என்றாள். அத்தனை ஆத்திரத்திலும் 'நீங்க' என்றுதான் வாயில் வந்தது. அதற்காகவே அவளுக்குத் தன் மேல் இன்னும் எரிச்சல் வந்தது. "அவன் சாப்பிடப் போன நேரத்துல திருட்டுத்தனமா ஒட்டியிருக்கீங்க. அவன் லைட்டை நம்பித்தான் கைய விடுவான்னு தெரியாதா உங்களுக்கு? ரத்தம் காயறதுக்குள்ள எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்து, கழுவி, ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்கீங்களே!"

"கீழ போட்டா யாராவது எடுப்பாங்க. வீட்டுப் பொருள் வீட்டுல இருந்தா யாரு கேக்கப் போறா?"

"கம்பெனி விசாரணையில நான் சொல்லுவேன்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவனிடம் பயப்பட வேண்டிய விஷயம். நிதானமாக, அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல் பேசினான்.

"சொல்லு. மேனேஜர் வாத்தை வாங்கிப் பார்ப்பார். யாரு வாங்கினதுன்னு கேப்பார். உன் தம்பி ஜோடியா வாங்கினது கொட்டகைக்கே தெரியும். அவன்தான் வேலை சீக்கிரம் முடியட்டும்னு ஒட்டினான், நான் பயந்து எடுத்து மறைச்சேன்னு நான் சொல்லுவேன். சொல்லாம எப்படி? என்னையும் பார்த்துக்கணும் இல்ல? ஆபரேட்டர் தில்லுமுல்லு பண்ணி கைய விட்டான்னா அத்தோட முடிஞ்சுது. கும்பிடு போட்டு அனுப்பிடுவாங்க. மெஷின் கோளாறுன்னா அவன் வீட்டுல ஒருத்தருக்கு வேலை கொடுப்பாங்க. நான் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். அவன் பொண்டாட்டிக்கு பேக்கிங்ல வேலை." கொஞ்சம் நிறுத்தினான். "சென்சார் கெட்டுப் போச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். உன்னை வேலையை விட்டு எடுப்பாங்க, அவ்வளவுதானே. உனக்கு வெளிய எங்க போனாலும் வேலை கிடைக்கும். அவனுக்குக் கிடைக்குமா?"

அவள் அவனை அறைந்திருக்கலாம். வீட்டை விட்டுப் போயிருக்கலாம். இரண்டையும் யோசித்தாள். ஆனால் அவன் சொன்னதில் எந்த இடத்திலும் ஓட்டை இல்லை. அவளுக்கு அவனை விட அந்தக் கணக்கின் மேல்தான் அதிகம் வெறுப்பு வந்தது.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நடந்த விசாரணையில் மேனேஜர், கணவன், கையில் கட்டோடு தம்பி, அவனைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி எல்லாரும் இருந்தார்கள். "ஸ்விட்ச் உள்ளே நாக்கு ஒட்டிக்கிச்சு. அதனால லைட் அணையல. நான் சரியா பார்த்து மாட்டல" என்று லைட்டக்கா சொன்னாள். நன்றாகத் தெரிந்த தொழில் ஆகையால் பொய்யையும் அவள் நன்றாகவே சொன்னாள். மேனேஜர் முகத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. கணவன் தலையைக் குனிந்துகொண்டான். பொண்டாட்டிக்காக அவமானப்படுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் வெளியே போகும்வரை பார்க்கவே இல்லை.

அவளுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் ஒரு கடையில் சேர்ந்தாள். தம்பி வீட்டு வாசல் அவளுக்கு மூடிக்கொண்டது. போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். கணவன் மட்டும் வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு போய் வந்தான். "மாமாதான் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினாரு, மாமாதான் இவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாரு" என்று தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உருகுகிறானாம். கணவனே வந்து சொன்னான். அவள் காயில் கட்டும் விரலால் காதைப் பொத்திக்கொண்டாள்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் கடைக்கு மோட்டார் கொண்டுவந்த பழைய பிரஸ்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உன் சென்சாரை எல்லா மெஷின்லருந்தும் கழட்டிட்டாங்கம்மா. உன் வீட்டுக்காரர்தான் நின்னு கழட்டினார். கெட்டுப்போற சாமான்னு நீயே ஒத்துக்கிட்டியாமே."

லைட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியின் வீட்டுச் சோற்றுக்காக அவள் சொன்ன பொய் அத்தனை பிரஸ்களிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நல்ல ஸ்விட்சைக் கெட்டது என்றாள். கேட்டவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான். அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வாத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டு மாடிப்படி ஏறினாள்.

கதவைத் திறந்தது தம்பி. இடது கையால் தாழ்ப்பாளை எடுக்கப் பழகியிருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை; வழியை மறிக்கவும் இல்லை. சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. அவன் மனைவி மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

லைட்டக்கா எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் கொட்டினாள். வாத்தைத் திருப்பி அவன் கையில் வைத்தாள். பையிலிருந்து ஒரு ஸ்விட்சை எடுத்து டெஸ்டரில் இணைத்துக் காட்டப் போனாள்.

"எனக்கு எதுக்குக் காட்டுற? நான் மாமியார்ல உக்காந்தவன்" என்றான். வாத்தின் பின்னால் இருந்த இரும்புத் தூளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். அந்தத் தூளை அவனுக்குத் தெரியும். அது விரலில் வராமல் காந்தத்தோடேயே நகர்ந்தது. "மாமாவா?" என்று கேட்டான்.

"ஆமாடா."

அவன் வாத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தான். "நம்பிட்டேன்னே வச்சுக்கோ. அப்புறம் நான் என்ன பண்ணட்டும்? போய் மாமா சட்டையைப் பிடிக்கவா? எந்தக் கையால? இன்னைக்கு இந்த வீட்டுல அடுப்பு எரியுறது அவரு வாங்கிக் கொடுத்த வேலையில. நீ சொல்லல. நான் கேக்கல. அப்படியே போயிடுக்கா."

சமையலறைத் தண்ணீர் நின்றது. தம்பி மனைவி சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். லைட்டக்காவைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் "வாங்க அண்ணி" என்றாள்.

"பேக்கிங்குக்குக் கிளம்பிட்டியாம்மா?"

"பேக்கிங் இல்ல. இப்ப மாமியார்ல. இவரு உக்காந்த இடம்தான். உங்க வீட்டு அண்ணாதான் மாத்திவிட்டாரு."

லைட்டக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "அதுல உக்கார பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

"முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அண்ணா உங்க சாமானை எல்லாம் கழட்டிப் போட்டுட்டு நல்லா பண்ணிக் கொடுத்துட்டாரு. முந்தி மாதிரி நின்னு நின்னு போறதில்ல. பச்சை லைட் இப்ப அணையறதே இல்ல அண்ணி. நாள் பூரா எரியுது."

அவள் கணவன் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டிருக்கிறான். லைட்டக்காவுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பிக்கும்தான். அணையவே அணையாத பச்சை விளக்கின் கீழே உட்கார்ந்துதான் அவன் கையைக் கொடுத்தான். அவன் சட்டென்று நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். விசாரணை நாளுக்குப் பிறகு முதல் தடவை. அவன் வாய் திறக்கும் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புருஷன் சொன்னால் இவள் கேட்பாள்.

அவன் சொல்லவில்லை.

"அந்த லைட்டை நம்பாதம்மா" என்று லைட்டக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். அது எரிஞ்சாலும் கைய உள்ள விடாத."

தம்பி மனைவி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க மாட்டின லைட்டை நம்பித்தான் இவருக்கு இப்படி ஆச்சு அண்ணி" என்றாள். "இது அண்ணா மாட்டினது."

தம்பி எழுந்து போய் மஞ்சள் வாத்தை ஃபிரிட்ஜ் கதவில், அதன் ஜோடிக்குப் பக்கத்தில் ஒட்டினான். அவர்கள் பக்கம் திரும்பாமலே மனைவியிடம் சொன்னான்:

"பஸ் போயிடும். கிளம்பு."